கொல்லையில் ஒரு முருங்கை: பிள்ளை நடட்டும், பாட்டி சொல்லட்டும், அம்மா முதலில் சாப்பிடட்டும்!

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்."

இது பழமொழி. நம் பாட்டிமார் சொன்னது.

இதில் பாதி சரி. பாதி தவறு.

முருங்கையை ஒடிக்கத்தான் வேண்டும். ஒடித்தால்தான் தழைக்கும். பூக்கும். காய்க்கும்.

பிள்ளையை அடிக்க வேண்டாம். அதன் கையில் ஒரு முருங்கை விதையைக் கொடுங்கள். ஒரு செம்பு தண்ணீரும் கொடுங்கள். பிறகு பாருங்கள், என்ன நடக்கிறது என்று!

காலையில் எழுந்ததும் பிள்ளை கொல்லைக்கு ஓடும். "முளைத்துவிட்டதா?" என்று பார்க்கும். பத்து நாளில் முளைத்துவிடும். அன்று முதல் அந்தச் செடி பிள்ளையின் செடி. அதில் பறித்த கீரையைப் பிள்ளை "வேண்டாம்" என்று சொல்லாது.

பங்குனி, சித்திரை மாதங்கள் முருங்கைக்கு நல்ல காலம். தேனிப் பக்கம் போனால் தெரியும். தோட்டத்தில் முருங்கை. வேலியில் முருங்கை. வீட்டுக் கொல்லையில் முருங்கை. மரம் நிறையக் காய் தொங்கும். சந்தையில் கட்டுக் கட்டாகக் குவியும். விலையும் இறங்கிவிடும்.

இந்த முருங்கைக்கு ஒரு கதை இருக்கிறது. தேனி மாவட்டம் பெருமைப்படத்தக்க கதை!

உலகம் சுற்றிய பெரியகுளம்

கம்பம் என்றால் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. போடி என்றால் ஏலக்காய். மலையில் விளையும் ஏலக்காய் போடிக்கு வந்து ஏலம் போகிறது. சின்னமனூர், உத்தமபாளையம் என்றால் நெல்லும் வாழையும் தென்னையும்.

இந்த நெல்லும் வாழையும் தென்னையும் பெரியாற்றுத் தண்ணீரின் கொடை. 1895-ம் ஆண்டில் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை அது. மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பசேல் என்று ஆனது.

ஆனால், ஆற்றுப் பாசனம் உள்ள வயல் எல்லோருக்கும் உண்டா? இல்லை. ஆண்டிபட்டிப் பக்கம் போனால் வறண்ட காடு. கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்துக்கு வீட்டுக்குப் பின்னால் நாலு அடி மண்தான் சொந்தம். அந்த நாலு அடி மண்ணுக்கு ஏற்ற செடி எது?

முருங்கைதான்!

தேனிக்கு வடக்கே பெரியகுளம் இருக்கிறது. கொடைக்கானல் மலையின் அடிவாரம். மாம்பழத்துக்குப் பேர் போன ஊர். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன.

முன்பு முருங்கை என்றால் மர முருங்கைதான். கிளையை வெட்டி நடுவார்கள். அதற்குப் "போத்து" என்று பெயர். மரம் ஓங்கி வளரும். காய்க்க நாள் ஆகும். காயைப் பறிக்க ஏணி வேண்டும்.

"விதை போட்டால் முளைக்க வேண்டும். ஆறு மாதத்தில் காய்க்க வேண்டும். கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்க வேண்டும்." இப்படி ஒரு முருங்கை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பெரியகுளம் ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் செய்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த வட்டாரத்து முருங்கை விதையை எடுத்து வந்தார்கள். விதைத்தார்கள். ஒரு செடியின் பூவில் வேறு செடியின் மகரந்தம் கலக்காமல் காத்தார்கள். சிறந்த செடியில் மட்டும் விதை எடுத்தார்கள். அதை மறுபடி விதைத்தார்கள். இப்படி ஒரு தலைமுறை அல்ல, இரண்டு தலைமுறை அல்ல, ஆறு தலைமுறை!

1989-ம் ஆண்டில் அந்த முருங்கை வெளிவந்தது. அதன் பெயர் "பி.கே.எம். 1". பெரியகுளம் என்பதன் சுருக்கம்தான் பி.கே.எம்.

நட்ட மூன்று, நான்கு மாதத்தில் பூக்கிறது. ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். ஒரு காய் இரண்டு அடிக்கு மேல் நீளம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு செடி ஆண்டுக்கு 200 காய்க்கு மேல் கொடுக்கும்.

இந்த விதை கடல் கடந்தது. இன்று ஆப்பிரிக்க நாடுகளிலும் பி.கே.எம். 1 வளர்கிறது. வறட்சியைத் தாங்கும் கீரை என்று அங்கே அதைக் கொண்டாடுகிறார்கள். விதைப் பொட்டலத்தில் இருக்கும் அந்த மூன்று எழுத்து நம் பெரியகுளம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாவர நூல்களில் இந்த மரத்துக்கு "மொரிங்கா" என்று பெயர். "முருங்கை" என்ற நம் சொல்தான் அப்படி ஆனது. பெயரும் நம்முடையது. விதையும் நம்முடையது.

முருங்கையில் பேய் உண்டா?

"வீட்டில் முருங்கை வைக்கக் கூடாது" என்று சிலர் சொல்வார்கள். "பேய் வரும்" என்பார்கள். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிய கதைதான் எல்லோருக்கும் தெரியுமே!

ஒரு வீட்டில் பேரன் கேட்டான்:

"அப்பத்தா! இந்த மரத்துல பேய் இருக்கா?"

"பேயாவது, பிசாசாவது! ஏறினா கிளை ஒடிஞ்சு விழுவ. அதான்டா பேய்!" என்றாள் அப்பத்தா.

அப்பத்தா சொன்னதுதான் உண்மை. முருங்கைக் கிளை மிக மெல்லியது. வலு இல்லாதது. ஏறினால் பட்டென்று முறியும். பிள்ளைகள் ஏறி விழுந்து கை, கால் முறிந்துவிடக் கூடாதே என்று பெரியவர்கள் பயந்தார்கள். "ஏறாதே" என்றால் பிள்ளைகள் கேட்பார்களா? "பேய்" என்றால் கேட்பார்கள்.

இன்னொரு காரணம் கம்பளிப்பூச்சி. மழைக் காலத்தில் அடிமரத்தில் கூட்டம் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும். உடம்பில் பட்டால் அரிக்கும். தடிக்கும். வீட்டு வாசலில் அது வேண்டாம் என்று நினைத்ததில் தவறு இல்லை.

செடி முருங்கையில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு. அதைக் கவாத்து செய்து உயரம் ஏறாமல் வைத்துக்கொள்ளலாம். மேலே உள்ள காயைப் பறிக்கத் தொரட்டி போதும். யாரும் மரம் ஏற வேண்டாம்.

யார் யாருக்கு என்ன வேலை?

முருங்கை நடுவது ஒரு ஆள் வேலை அல்ல. வீட்டில் எல்லோருக்கும் வேலை உண்டு.

அப்பா குழி வெட்டட்டும். நீளம் ஒன்றரை அடி. அகலம் ஒன்றரை அடி. ஆழம் ஒன்றரை அடி. கிழக்கே வெயில் படும் இடமாகப் பாருங்கள். சுவரை ஒட்டி வேண்டாம். மின் கம்பிக்கு அடியிலும் வேண்டாம். பாத்திரம் கழுவும் தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கும் இடமும் வேண்டாம். முருங்கைக்கு வறட்சி ஆகும். தேங்கிய தண்ணீர் ஆகாது. வேர் அழுகிவிடும்.

பாட்டி எருவைச் சொல்லட்டும். மக்கிய தொழு உரம் 15 கிலோ இருந்தால் நல்லது. பச்சைச் சாணம் போடக் கூடாது. எருவை மேல் மண்ணோடு கலந்து குழியை மூட வேண்டும்.

பிள்ளைகள் விதை போடட்டும். ஒரு குழிக்கு இரண்டு விதை. விரலால் ஓர் அங்குல ஆழம் குத்தி, உள்ளே போட்டு, மண்ணால் மூட வேண்டும். அவ்வளவுதான். இரண்டும் முளைத்தால் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிவிடலாம்.

காய்க்காக வைப்பவர்கள் ஆவணி, புரட்டாசியில் விதைப்பது நல்லது. அப்போது விதைத்தால் சரியாகப் பங்குனியில் காய் பறிக்கலாம்.

"அப்படியானால் இப்போது ஒன்றும் செய்ய முடியாதா?" என்று கேட்காதீர்கள். கீரைக்காக இப்போதே விதைக்கலாம். முருங்கை விதைக்குச் சூடு பிடிக்கும். கோடையில் தண்ணீர் மட்டும் விடாமல் ஊற்ற வேண்டும்.

கொல்லை இல்லாத வீடா? கவலை வேண்டாம். பழைய சாக்கு, ஓட்டை வாளி, உடைந்த பானை ஏதாவது ஒன்று போதும். அடியில் துளை இருக்க வேண்டும். பாதி மண், பாதி எரு போட்டு நாலு விதை ஊன்றுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் கீரை ஒடிக்கலாம். ஒடிக்க ஒடிக்கத் தழைக்கும். காய்க்குத்தான் பெரிய இடம் வேண்டும். கீரைக்கு ஜன்னல் ஓரம் போதும்.

ஒடித்து வளர்

இப்போது பழமொழிக்கு வருவோம்.

செடி இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பிள்ளைக்கு மனசு வராது. "பாவம்" என்று சொல்லும். கிள்ளச் சொல்லுங்கள். கிள்ளாத செடி கொக்கு மாதிரி ஒரே குச்சியாக ஓங்கும். கிள்ளிய செடி நாலு பக்கமும் கிளை விடும். கிளை கூடினால் பூ கூடும். பூ கூடினால் காய் கூடும்.

காய்ப்பு ஓய்ந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. தரையிலிருந்து மூன்று அடி உயரம் விட்டு, மேலே உள்ளதை எல்லாம் அறுத்துவிட வேண்டும். அடியில் எரு போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். புதுக் கிளை கிளம்பும். நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். இப்படி மூன்று ஆண்டு ஒரே செடியில் காய் பறிக்கலாம்.

கம்பளிப்பூச்சி வந்தால் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பெரியவர்கள் நீளக் குச்சியில் பழந்துணி சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, பூச்சியை வழித்து எடுத்து அழிக்கட்டும். காயிலிருந்து பிசின் வடிந்தால் அது ஈ செய்த வேலை. அந்தக் காயையும், கீழே விழுந்து அழுகிய காயையும் பொறுக்கிக் குழி தோண்டிப் புதையுங்கள். அப்படியே விட்டால் ஈ பெருகும்.

வீட்டுக் கீரையில் விஷ மருந்து அடிக்காதீர்கள். நாளைக்கு அதைச் சாப்பிடப் போவது நம் பிள்ளைதான்.

இலை, பூ, காய்: மூன்றும் சமையலுக்கு

ஒரே மரத்தில் மூன்று சமையல்! இப்படி வேறு எந்தச் செடி கொடுக்கும்?

முதலில் கீரை. "உருவுவது பெரிய வேலை" என்று பெண்கள் அலுத்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மாலையில் கொப்பை ஒடித்து, பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி வையுங்கள். காலையில் பிரித்து உதறுங்கள். இலை தானாக உதிரும். உதறுவது பிள்ளைகளின் வேலை. சொளகில் போட்டுக் காம்பு பொறுக்குவது பாட்டியின் வேலை.

அடுத்தது பூ. பூவைப் பறிக்க வேண்டாம். பறித்தால் காய் குறையும். காலையில் மரத்தடியில் துணி விரித்து வையுங்கள். தானாக உதிரும் பூவே ஒரு கை தேறும். பூவை அலசி, வேகவைத்த பாசிப்பருப்போடு சேர்த்து, சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல் தாளித்து வதக்கி, தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள். ருசியே தனி!

மூன்றாவது காய். பங்குனி, சித்திரையில் பெரியகுளத்து மாங்காயும் வந்துவிடும். முருங்கைக்காயும் மாங்காயும் அண்ணன், தம்பி மாதிரி. சித்திரையில் வீரபாண்டி கவுமாரியம்மன் திருவிழா. வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள். அவர்களுக்கு இந்தக் குழம்பு வையுங்கள்.

மாங்காய் முருங்கைக்காய்க் குழம்பு

துவரம்பருப்பு ஒரு டம்ளர். முருங்கைக்காய் இரண்டு. புளிப்பு மாங்காய் ஒன்று. சின்ன வெங்காயம் பத்து. தக்காளி ஒன்று. மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, மஞ்சள்பொடி, உப்பு.

பருப்பை மஞ்சள்பொடி போட்டுக் குழைய வேகவையுங்கள். வேறு சட்டியில் எண்ணெய் விட்டு, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தையும் தக்காளியையும் வதக்குங்கள். விரல் நீளத்துக்கு நறுக்கிய முருங்கைக்காயைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, பொடிகளும் உப்பும் சேர்த்து வேகவிடுங்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். முருங்கைக்காய் முக்கால் பாகம் வெந்த பிறகே மாங்காயைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் புளிப்பில் முருங்கைக்காய் வேகாமல் விறைத்துப்போகும். மாங்காய் வெந்ததும் பருப்பை ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். புளி கரைக்க வேண்டாம். மாங்காயின் புளிப்பே போதும்.

கேப்பை அடை

இது பிள்ளைகளை உட்காரவைத்துச் சுட வேண்டியது. தட்டுவதற்குச் சின்னக் கைகள்தான் நல்லது.

கேப்பை மாவு இரண்டு டம்ளர். உருவிய முருங்கைக்கீரை இரண்டு டம்ளர். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. பச்சை மிளகாய் இரண்டு. சீரகம் கொஞ்சம். உப்பு.

வெங்காயத்தையும் மிளகாயையும் சீரகத்தோடு வதக்குங்கள். கீரையைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டுங்கள். சூட்டோடு மாவில் கொட்டுங்கள். உப்புப் போட்டு, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் அடை விண்டுபோகும்.

வாழை இலைத் துண்டில் எண்ணெய் தடவுங்கள். ஓர் உருண்டை வைத்து, பிள்ளையைத் தட்டச் சொல்லுங்கள். வட்டமாக வரவில்லையா? பரவாயில்லை. கோணலாக இருந்தாலும் ருசி ஒன்றுதான். அடுப்பு வேலை அம்மாவுடையது. இலையோடு எடுத்துத் தோசைக்கல்லில் கவிழ்த்து, இலையை உரித்து எடுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். மூடி போட்டுச் சுட்டால் உள்ளே வேகும். திருப்பிப் போட்டு எண்ணெய் விட்டு மொறுமொறுப்பாக எடுங்கள்.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி. இல்லாவிட்டால் ஒரு துண்டு வெல்லம்.

அம்மாவின் தட்டில் என்ன இருக்கிறது?

இப்போது ஒரு கேள்வி.

கீரையை உருவியவள் யார்? அம்மா. அலசியவள் யார்? அம்மா. அடுப்பில் நின்று வதக்கியவள் யார்? அம்மா.

கடைசியில் சாப்பிடுகிறவள் யார்?

அவளும் அம்மாதான்!

அப்பா சாப்பிட்டார். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். வந்தவர் சாப்பிட்டார். சட்டியில் மிஞ்சியது ஒரு கரண்டி. சில நாள் அதுவும் இல்லை. அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுகிறாள். "எனக்குப் பசி இல்லை" என்கிறாள்.

இதன் பலன் என்ன தெரியுமா?

2019-ம் ஆண்டு முதல் 2021-ம் ஆண்டு வரை நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்த சோகை! ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை!

பாதி வீடுகளின் கதை இது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தலை சுற்றுகிறது. முகம் வெளுத்திருக்கிறது. "வேலை அலுப்பு" என்று நினைக்கிறோம். அலுப்பு அல்ல, ரத்தம் குறைந்திருக்கலாம். பிள்ளை வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்தால் "மக்கு" என்கிறோம். அடிக்கவும் செய்கிறோம். மக்கு அல்ல, அதற்கும் ரத்தம் குறைந்திருக்கலாம்.

முருங்கைக்கீரை நல்ல கீரை. 100 கிராம் கீரையில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். புரதம் 6 கிராம். இரும்புச் சத்து 4 மில்லிகிராமுக்கு மேல். கேப்பையிலும் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. அதனால்தான் கேப்பை அடையில் கீரை சேர்ப்பது இரட்டை லாபம்.

ஆனால், உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 100 கிராம் கீரை சாப்பிட்டாலும் அதில் ஆறில் ஒரு பங்குகூட வராது. கீரையில் உள்ள இரும்பு முழுவதும் உடம்பில் சேர்வதும் இல்லை. ஆகவே, "கீரை சாப்பிடுகிறேன், மாத்திரை வேண்டாம்" என்று யாரும் சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்க்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரையையும் சாப்பிட வேண்டும். கீரையையும் சாப்பிட வேண்டும்.

இரும்பு உடம்பில் சேர இரண்டு வழி சொல்கிறார்கள். கீரையோடு எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், மாங்காய் போன்ற புளிப்பு ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்காதீர்கள். ஒரு மணி நேரம் போகட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இலை, பூ, காய் மூன்றும் உணவு. வேரும் பட்டையும் உணவு அல்ல. மருந்து என்று நினைத்துத் தாங்களாகக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

மரம் கீரை கொடுக்கும். பெரியகுளம் விதை கொடுக்கும். ஆனால், அம்மாவின் தட்டில் அந்தக் கீரையை வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்த செடிக்கு விதை

சித்திரை முடிவதற்குள் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

காய்களில் நீளமாக, சதைப்பற்றாக இருக்கும் இரண்டைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். காய் முற்றி, பழுப்பு நிறமாகி, மரத்திலேயே காயட்டும். வெடிப்பதற்கு முன் பறித்து, விதையை எடுங்கள். இறக்கை ஒட்டிய கறுப்பு விதை! பிள்ளைகள் அதைக் காற்றில் பறக்கவிட்டு விளையாடுவார்கள். விளையாடியது போக மிச்சத்தை நிழலில் உலர்த்தி, டப்பாவில் போட்டு வையுங்கள். ஆவணியில் விதைக்கலாம்.

பக்கத்தில் வேறு முருங்கை இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். தாய்ச் செடி போலவே காய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வீட்டுக்கு அது போதும். நயம் விதைதான் வேண்டும் என்பவர்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும், பக்கத்துத் தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் வீட்டில் வேண்டிய அளவு விதை எடுத்த பிறகு, பத்து விதையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். முருங்கைக்காயைக் கடன் கேட்கலாம். விதையை யாரும் கடனாகக் கொடுப்பது இல்லை. சும்மாதான் கொடுப்பார்கள்.

இன்னொரு பழமொழி உண்டு: "முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு போவான்."

இதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். "ஒன்றும் இல்லாமல் போவான்" என்று அர்த்தம் அல்ல. முருங்கை நட்டுச் சாப்பிட்டவன் கிழவன் ஆனாலும் கையில் தடி ஊன்றாமல் நடப்பான் என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஒரு பானையில் மண் நிரப்பச் சொல்லுங்கள். நாலு விதை ஊன்றச் சொல்லுங்கள்.

மதியம் அடை சுட்டதும், முதல் அடையை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கொடுத்து, இப்படிச் சொல்லுங்கள்:

"இது உனக்கு இல்லை ராசா. ஓடிப்போய் அம்மாவுக்குக் கொடு!"